புடம் போட்டவள்

சாரஃப் என்றார் பாஸ்டர் அகஸ்டஸ். மைக்கை வாயோடு ஒட்ட வைத்துக்கொண்டு இன்னொரு தடவையும் சாரஃப் என்றார். எபிரெய பாஷையில் புடமிடுவதற்கு அதுதான் வார்த்தையாம். வெள்ளியை உருக்குவதும் அதுதான், உருக்கிச் சோதிப்பதும் அதுதான், உருக்குகிற தட்டானுக்கும் அதை ஒட்டித்தான் பெயர் என்றார். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. நானும் சொன்னேன். எங்கள் சபையில் பாஸ்டர் மூச்சு வாங்க நிறுத்தினாலே ஸ்தோத்திரம் சொல்லிவிடுவோம், என்ன சொன்னார் என்பதை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம். பாஸ்டருக்கு எபிரெயம் செல்போன் வழியாக வந்தது. வாரத்துக்கு ஒரு வார்த்தை கற்றுக்கொண்டு வருகிறார், நாங்களும் வாரத்துக்கு ஒன்றை மறந்துவிடுகிறோம். ஆனால் இந்த வார்த்தை மறக்காது. இதை அவர் எடுத்ததே எங்களுக்காகத்தான், எனக்காகவும், அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் இருக்கிற என் வீட்டுக்காரர் தேவசித்தத்துக்காகவும். விழுந்து ஐந்து மாதம் கழித்து இன்றைக்குத்தான் அவர் சபைக்கு வந்திருக்கிறார். பிரசங்கம் முடிந்ததும் இரண்டு பேரும் முன்னால் போய் சாட்சி சொல்ல வேண்டும். கைப்பையில் சாட்சியை எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று இல்லை, இரண்டு. இரண்டும் நாலாக மடித்த கோடு போட்ட தாள், தொட்டுப் பார்த்தால் எது எதுவென்று தெரியவில்லை. ஒன்று பிப்ரவரியில் எழுதியது. இன்னொன்று நேற்று பாஸ்டர் சொல்லச் சொல்ல எழுதியது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை எழுதவில்லை.

பக்கத்தில் ரத்னபாய் அக்கா புல்லட்டினை விசிறியாக்கி எனக்கும் சேர்த்து வீசுகிறாள். "என்னட்டி இப்படி வேர்த்து ஊத்துது? காலைல சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள். "சாப்பிட்டேங்க்கா" என்கிறேன். சாப்பிடவில்லை. பொய் எனக்கு இப்போதெல்லாம் தண்ணீர் பட்ட பாடாக வருகிறது, முன்பெல்லாம் இப்படி இல்லை. தகரக் கூரைக்கு மேல் தூத்துக்குடி வெயில், கூரைக்குக் கீழே நாலு மின்விசிறி, அதில் ஒன்று கடகடவென்று ஒரு தாளத்தில் சுற்றுகிறது. முன்பு என் வீட்டுக்காரர் கீபோர்டு வாசிக்கும்போது அந்தத் தாளம் பாட்டைக் கெடுக்கிறது என்று அதை மட்டும் நிறுத்தச் சொல்வார். இப்போது கீபோர்டில் செல்வின் பிரதர் மகள் இருக்கிறாள், அவளுக்கு மின்விசிறி தொந்தரவாகத் தெரியவில்லை. அவருடைய பின்தலை எனக்குத் தெரிகிறது. தையல் போட்ட இடத்தில் முடி வெள்ளையாக முளைத்திருக்கிறது, காலையில் நான்தான் அதை மறைத்து வாரிவிட்டேன், மறையவில்லை. வலது கை முழங்காலின் மேல் தாளம் போடுகிறது. இடது கை வைத்த இடத்தில் இருக்கிறது. அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க நான் பாஸ்டரைப் பார்க்கிறேன், பாஸ்டரைப் பார்த்தால் அவர் என்னைப் பார்த்தே பேசுகிறார், அப்புறம் கூரையைப் பார்க்கிறேன்.

வெள்ளியை உருக்குகிறவன் உலைக்கு முன்னால் உட்கார்ந்தே இருப்பான், எழுந்து போக மாட்டான், உருகின வெள்ளியில் தன் முகம் எப்போது தெரிகிறதோ அப்போதுதான் நெருப்பை நிறுத்துவான் என்கிறார் பாஸ்டர். இதை எத்தனை பிரசங்கத்தில் கேட்டாகிவிட்டது. நான் பதினாலு வருஷமாக உலைக்கு முன்னால் இருக்கிறேன். ஹால்மார்க் சென்டரில், நகைக்கு முத்திரை வைப்பதற்கு முன்னால் பொன்னை நெருப்பில் சோதிக்கிற பெஞ்சு என்னுடையது. உலைக்குள் ஆயிரம் டிகிரிக்கு மேல் வெக்கை, கதவில் ஒரு ரூபாய்க் காசளவு ஓட்டை, அதில் கண்ணை வைத்தால் ஆரஞ்சு நிறம் தெரியும், யார் முகமும் தெரியாது. என் முகம் தெரிந்ததே இல்லை. முடிகிற நேரத்தில் உள்ளே உருகித் திரண்ட சின்னப் பொன்மணி ஒரு தடவை பளிச்சென்று மின்னி அடங்கும், அவ்வளவுதான், அதையும் இமைத்தால் தவறவிட்டுவிடுவோம். பாஸ்டரிடம் சொல்லலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். சொன்னால், சிஸ்டர் அது ஆவிக்குரிய அர்த்தத்தில என்பார். எனக்கு ஆவிக்குரிய அர்த்தத்தில்தான் சிக்கல். உருக்குவதும் சோதிப்பதும் ஒரே வார்த்தை என்கிறாரே, எங்கள் வேலையில் அது இரண்டும் இரண்டு. சுத்தப்படுத்துகிறவன் நகை முழுவதையும் போட்டு உருக்குவான், வெளியே வரும்போது பொன் முன்னைவிட நல்ல பொன்னாக இருக்கும். நான் சோதிக்கிறவள். நகையின் ஓரத்தில் ஒரு துணுக்கைச் சுரண்டி எடுப்பேன், அதுதான் சாம்பிள். அதோடு கொஞ்சம் வெள்ளியைச் சேர்த்து ஈயத் தகட்டில் மடித்து உலையில் வைப்பேன். ஈயம் அழுக்கை இழுத்துக்கொண்டு சாம்பல் கிண்ணத்துக்குள் போய்விடும். மிச்சத்தைத் தட்டி, சுருட்டி, அமிலத்தில் போட்டு வெள்ளியைப் பிரித்து, எடை பார்த்து, இத்தனை சுத்தம் என்று எழுதுவேன். என் சோதனையால் எந்த நகையும் நல்ல நகை ஆனதில்லை. மட்டமானது மட்டம் என்று தெரியும், அவ்வளவுதான். வளையல் அப்படியே வீட்டுக்குப் போகும். சுரண்டி எடுத்த துணுக்கு மட்டும் திரும்பிப் போய் வளையலில் ஒட்டாது.

அப்படியானால் எங்களுக்கு நடந்தது எது? இந்த ஐந்து மாதமாக ஆளுக்கு ஆள் வந்து கர்த்தர் புடமிட்டார் புடமிட்டார் என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். சுத்தப்படுத்தினாரா, எடை பார்த்தாரா? சுத்தப்படுத்தினார் என்றால் யாரை? என் வீட்டுக்காரரிடம் என்ன அழுக்கு இருந்தது? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு வாசித்து, கோபம் வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு பீச் ரோட்டில் நடந்துவிட்டு வருகிற மனிதர். எடை பார்த்தார் என்றால் அவர் சாம்பிள். என்னைச் சோதிக்க அவரிடமிருந்து ஒரு துணுக்கைச் சுரண்டினாரா? இடது கையை? பதினேழு பெருக்கல் ஆறு எவ்வளவு என்று கேட்டால் இப்போது ஜன்னலைப் பார்க்கிறாரே, அந்தக் கணக்கையா? ஆபிரகாமைச் சோதித்தார் என்று ஞாயிறு பள்ளியில் படித்தோம், ஆபிரகாம் தேறிவிட்டார் என்று டீச்சர் சொன்னார்கள். கட்டிப் போட்டுக் கத்தியின் கீழே கிடந்தது அவர் மகன் ஈசாக்கு. ஈசாக்கிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எழுந்து கேட்டேன், டீச்சர், ஈசாக்கு வீட்டுக்கு வந்த பிறகு அப்பாகூடப் பேசினானா என்று. பியூலா, உட்கார் என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன், இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறேன். ஆனால் இதெல்லாம் வெட்டி யோசனை. கடவுள் மேல் வழக்குப் போடுகிறவளுக்குக் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

ஜனவரி ஒன்றாம் தேதி காலை ஆராதனையில் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். ஒரு தாம்பாளத்தில் ரிப்பன் கட்டிய அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், குடும்பத்துக்கு ஒன்று, கண்ணை மூடி ஜெபித்துவிட்டு எடுக்க வேண்டும். வருகிற வசனம் அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டுக்குக் கர்த்தர் கொடுத்த வாக்கு. ரத்னபாய் அக்காவுக்கு நாலு வருஷத்துக்கு முன் ஊழியக்காரனின் வீடு பெருகும் என்று வந்தது, அந்த வருஷமே மருமகளுக்கு இரட்டைப் பிள்ளை. எனக்கு இந்த வருஷம் வந்தது சுகம் தருகிற வசனம், கர்த்தரே பரிகாரி என்பது. என் வீட்டுக்காரருக்கு வலிப்பு உண்டு. பன்னிரண்டு வயதில் வந்தது, இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று வெள்ளை மாத்திரை, அதனால் ஒன்பது வருஷமாக வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொன்னவர். மறைக்கவில்லை. அட்டையைக் காட்டியதும் வாசித்துவிட்டுச் சிரித்தார். "நம்ம பரிகாரி மெடிக்கல் ஷாப்புல இருக்காருல்லா" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அட்டை அவரிடம் சிரிப்பு வாங்குவதற்காகவா என் கைக்கு வந்தது? இல்லை, அவர் மேல் பழியைப் போடுகிறேன், சிரிப்பில் ஒன்றுமில்லை. எனக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதுதான் விஷயம். கடைக்காரர் தொண்ணூற்றொன்று புள்ளி ஆறு என்று சத்தியம் பண்ணினாலும் சுரண்டிப் போட்டுப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன், பதினாலு வருஷப் பழக்கம். கர்த்தர் சொன்னதையும் போட்டுப் பார்த்தேன்.

கால்சியம் மாத்திரை அதே அளவு, அதே வெள்ளை, அதே வட்டம். நடுவில் கோடுகூட அதே மாதிரி. திங்கள் செவ்வாய் என்று அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பாவில் வாரா வாரம் மாத்திரை நிரப்புவது நான்தான், அவர் அறையைத் திறந்து எடுத்து விழுங்குவார். ஜனவரி இரண்டாம் தேதியிலிருந்து இரண்டு வேளையும் கால்சியம். நாற்பது நாள் என்று வைத்துக்கொண்டேன், வேதத்தில் எல்லாம் நாற்பதுதானே. முதல் வாரம் எனக்குத் தூக்கமே இல்லை, அவர் புரண்டு படுத்தாலும் எழுந்து உட்கார்ந்தேன். இரண்டாவது வாரம் அவர் முகம் தெளிந்தது, கை நடுக்கம் நின்றது, பகலில் கொட்டாவி இல்லை, புதிதாக ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டார். உற்சாகமாக இருந்தார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன், அதைப் பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஒரு நாள் காலையில் மட்டும் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ன?" என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீரைக் குடித்தார். அதை நான் ஏன் இப்போது நினைக்கிறேன்? நாற்பதாம் நாள் பிப்ரவரி பத்து. அன்றைக்குச் சாயங்காலம் அவர் வெளியே போயிருந்தபோது முதல் தாளை எழுதினேன். நாற்பது நாள் மாத்திரை இல்லாமல் என் கணவரைக் கர்த்தர் காத்தார் என்று ஆரம்பம், முத்து முத்தான கையெழுத்து. மறுநாள் காலையில் பால் வாங்கப் போனவர் பூத்துக்கு முன்னால் நடைபாதைக் கல்லில் தலை மோத விழுந்தார். நான் போகும்போது அவரைச் சுற்றிப் பால் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருந்தார்கள்.

பாஸ்டர் இப்போது வேதத்தில் எரேமியாவுக்குப் போய்விட்டார், புரட்டுகிற சத்தம் கேட்கிறது, நானும் புரட்டுகிறேன். புரட்டாமலே எனக்குத் தெரியும். அங்கே அந்தத் தட்டான் துருத்தி வெந்துபோகிற அளவுக்கு ஊதுகிறான், ஈயம் கரைந்துபோகிறது, ஆனாலும் ஒன்றும் பிரியவில்லை, உருக்கினது வீணாய்ப் போயிற்று. அதைப் பாஸ்டர் வேகமாகத் தாண்டிவிட்டார், எங்களுக்கு ஆறுதலாக இருக்காது என்று நினைத்திருப்பார். எனக்கு அதுதான் புரிகிற வசனம். ஈயம் தீர்ந்துபோய்ப் பாதியில் நின்ற சோதனையை நான் பார்த்திருக்கிறேன். மணி கறுப்பாக, கரடுமுரடாக இருக்கும். அதை வைத்து ஒரு முடிவும் எழுத முடியாது, மறுபடி புதிதாகச் சுரண்ட வேண்டும். சென்டரில் ஒவ்வொரு தடவையும் சாம்பிளோடு கூடவே சுத்தமான பொன் ஒன்றையும் பக்கத்தில் வைத்து எரிப்போம், செக் சாம்பிள் என்று பெயர். உலையில் கோளாறு இருந்தால் அதில் தெரிந்துவிடும். நான் என் வீட்டில் செய்த சோதனைக்குச் செக் சாம்பிள் எது? இன்னொரு தேவசித்தத்தை எங்கே வைத்திருந்தேன்? இருந்தது ஒருவர். அந்த ஒருவர் முழுவதையும் உலையில் வைத்துவிட்டேன். வேலை தெரிந்த எவளும் செய்ய மாட்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. பரவாயில்லை என்று எப்படி வருகிறது எனக்கு? ஆனால் அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. தலையில் ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள், அவர் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், டாக்டர் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று என்னைக் கேட்டார். "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டாராம்மா? நடுவுல விடலையே?" நான் சொன்னேன், "இல்ல டாக்டர், நான்தான் எடுத்து வைப்பேன், ஒரு வேளை தவறாது." ஒரு வேளை தவறவில்லைதான். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அப்படின்னா அந்த மருந்து இவருக்குக் கேக்கல, டோஸைக் கூட்டி இன்னொண்ணும் சேர்க்கணும் என்று எழுதினார். அன்றிலிருந்து ஒன்றுக்கு மூன்று மாத்திரை. அதை மட்டும் நான் ஒரு வேளை விடாமல், மாற்றாமல், கையில் கொடுத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். அவர் சோற்றில் கை வைத்தபடி தூங்கிவிடுகிறார். ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் பாதியில் வார்த்தையைத் தேடிக்கொண்டு நிற்கிறார். அடிபட்ட மூளை அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் எவ்வளவு அடியால், எவ்வளவு மாத்திரையால்? பிரித்து எடை போட எனக்குத் தெரியவில்லை. அந்த மருந்து கேட்காமல் போகவே இல்லை, அதை யாரும் கொடுக்கவே இல்லை என்று ஒரு வரி டாக்டரிடம் சொன்னால் இதில் ஒன்றிரண்டு மாத்திரை குறையலாம், அவர் கொஞ்சம் திரும்பி வரலாம். அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டியவள் நான். நாளைக்குத் திங்கட்கிழமை, மறுபடி காட்ட வேண்டிய நாள். ஏற்கெனவே மூன்று தடவை காட்டப் போய், மூன்று தடவையும் சொல்லாமல் வந்தேன். டாக்டர் திட்டுவார் என்று பயமில்லை. போலீஸ் என்றுகூடப் பயமில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்ப்பார், அந்தப் பார்வைக்குத்தான் பயம். இன்றைக்கு அவர் சந்தோஷமாக வேறு இருக்கிறார். காலையில் சட்டைப் பொத்தானை நான் மாட்டும்போது, "கர்த்தர் என்னை... என்னைப் புடம்... போட்டுட்டாருல்லா" என்றார். இருக்கிற ஒரே ஆறுதலையும் அவரிடமிருந்து பிடுங்குவதா? பிடுங்காமல் மூன்று மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே இருப்பதா?

சாரஃப். இந்தச் சத்தத்தை வேறு எங்கோ கேட்டிருக்கிறேன். பழைய ஆட்கள் பாங்கில் நகை உரசிப் பார்க்கிறவரை சராப்பு என்பார்களே, அதுவும் இதுவும் ஒன்றா, யாரிடம் கேட்பது. கேட்டு என்ன ஆகப் போகிறது. மனசு ஓடி ஒளிய இடம் தேடுகிறது, அவ்வளவுதான். பாஸ்டர் ஆமென் என்கிறார், சபை ஆமென் என்கிறது, செல்வின் மகள் ஒரு சுருதியை அழுத்திப் பிடிக்கிறாள். அவருக்குப் பிடிக்காத சுருதி அது, பின்தலை லேசாக அசைந்தது. "இப்ப நம்ம பிரதர் தேவசித்தமும் சிஸ்டர் பியூலாவும் வந்து, கர்த்தர் அவங்களை எப்படிப் புடமிட்டாருன்னு சாட்சி சொல்லுவாங்க. அல்லேலூயா சொல்லுவோமா?" சொல்கிறார்கள். "ஏட்டி, போ, பயப்படாம சொல்லு, எல்லாம் நம்ம ஆளுகதான்" என்று ரத்னபாய் அக்கா தோளைத் தொடுகிறாள். எழுந்தேன். கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டேன், இரண்டு தாளும் அதற்குள். மறந்தேனா, வேண்டுமென்றே விட்டேனா, தெரியவில்லை. அவர் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறார், இடது காலைக் கொஞ்சம் இழுத்து, தரையைப் பார்த்து. மேடைக்கு ஒரே ஒரு படி. அதன் முன்னால் நின்று எனக்காகக் காத்திருந்தார். அவர் புஜத்தைப் பிடித்து ஏற்றிவிட்டேன். மைக் என் வாய்க்கு உயரமாக இருந்தது, பாஸ்டர் இறக்கிக் கொடுத்தார், அந்த நேரத்தில் ஓடிவிடலாம் என்று கால் சொன்னது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்றேன். ஸ்தோத்திரம் என்றார்கள். "எங்க வீட்டுக்காரருக்கு வலிப்பு உண்டு, உங்களுக்குத் தெரியும். புது வருஷத்துல சுகம் தருவேன்னு எங்களுக்கு வாக்குத்தத்தம் வந்துச்சு." ஸ்தோத்திரம். "அதை நம்பி, அவருக்குத் தெரியாம, நான் அவரு மாத்திரையை மாத்தி வச்சேன்." ஸ்தோத்திரம் என்றது சபை. ஒரு ஆள் விடாமல், மூச்சு நிறுத்தின இடத்தில், அதே குரலில் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது, அழுகையும் அதன் பின்னாலேயே நின்றது. கேட்கவில்லையா இவர்களுக்கு? பாஸ்டர்கூடக் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். இத்தோடு உட்கார்ந்துவிடலாம், சொன்னதும் ஆயிற்று, யாருக்கும் தெரியவும் இல்லை. ஒரு நொடி அப்படியே நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் மைக்கைப் பிடித்தேன். "ஸ்தோத்திரம் சொல்லாதீங்க. நல்லாக் கேளுங்க. வலிப்பு மாத்திரைக்குப் பதிலா நாப்பது நாள் கால்சியம் மாத்திரை குடுத்தேன். அதனாலதான் விழுந்தாவ. டாக்டர்ட்டயும் பொய் சொன்னேன், அதனாலதான் இப்ப மூணு மாத்திரை சாப்பிட்டுத் தூங்கித் தூங்கி விழுதாவ. கர்த்தர் புடம் போடல. போட்டது நான்." மின்விசிறி கடகடத்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ ஐயோ என்றார்கள், ரத்னபாய் அக்கா குரல்தான். அவரைத் திரும்பிப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் பார்த்தது அவருடைய வலது கையை மட்டும். அது என் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டது.

"எனக்குத் தெரியும்" என்றார். அடுத்த வார்த்தையைத் தேடினார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை, எந்த வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை. "முதல் நாளே... தெரியும். இருபத்திரண்டு வருஷமா... அது கசக்கும். இது சுண்ணாம்பு மாதிரி... இருந்துச்சு." யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. தெரியுமா? டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த அந்தக் காலை, அதற்கு முன்பா, அதற்குப் பின்பா, நாற்பது நாளுமா? கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தபோது டாக்டர் கேட்டதும் காதில் விழுந்ததா? நான் சொன்னதும் விழுந்ததா? அப்படியானால் அந்த மூன்று மாத்திரையையும் தெரிந்தே வாயைத் திறந்து காட்டினாரா? காலையில்கூடப் பொத்தான் மாட்டும்போது கர்த்தர் கர்த்தர் என்றாரே. மைக் முன்னால் நிற்கிறோம் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. "தெரிஞ்சா ஏங்க முழுங்கினிய?" என்றேன்.

"எனக்கும்... பாக்கணும்னு ஆசை இருந்துச்சு" என்றார்.

"பெறகு? விழுந்த பெறகு ஏன் சொல்லல?"

அவர் என்னைப் பார்த்தார். நான் இத்தனை மாதம் பயந்த பார்வை அதில் இல்லை. வேறு என்ன இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. "நீயே சொல்லுவேன்னு... காத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஐந்து மாதம். ஐந்து மாதம் ஒரே வீட்டில் அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டு என்னை எடை பார்த்திருக்கிறார். நானும் அவரை நாற்பது நாள் அப்படித்தான் பார்த்தேன். யார் உலையில் இருந்தோம், யார் ஓட்டையில் கண்ணை வைத்திருந்தோம், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டு எல்லாரும் ஜெபிப்போம் என்றார், அவர் குரல் முதல் தடவையாகச் சின்னதாக இருந்தது. படியில் என் வீட்டுக்காரரை இறக்கிவிட்டேன். இறங்கின பிறகும் அவர் என் கையை விடவில்லை. பெண்கள் பக்கம் திரும்பினேன், அவர் தன் பக்கம் நடந்தார், நானும் கூடவே இழுபட்டுப் போனேன். ஆண்கள் வரிசையில் நாலாவது நாற்காலியில் இருந்தவர் எழுந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சபை வேறு மாதிரி இருந்தது. என் கைப்பை ரத்னபாய் அக்கா மடியில் இருந்தது, அக்கா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. அவருடைய இடது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன், அது கனமாக இருந்தது. "டாக்டர் நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாரு?" என்று அவர் காதோடு கேட்டார், இந்தத் தடவை வார்த்தை எங்கும் நிற்கவில்லை. பத்து மணிக்கு என்றேன்.